படைப்புக் கலை – பன்னாட்டியல் இரட்டைப் பட்டப்படிப்பு (அவுஸ்திரேலியா)

படைப்புக் கலை – பன்னாட்டியல் இரட்டைப் பட்டப்படிப்பு என்பது ஓவியம், வடிவமைப்பு, இசை, நாடகம், ஒளிப்படம் போன்ற படைப்புக் கலைகளுள் ஒன்றையும், பன்னாட்டு அரசியல், பிறநாட்டுச் சமூகம், பிறமொழி ஆகியவற்றை உள்ளடக்கிய பன்னாட்டியலையும் ஒரே காலத்தில் பயின்று, முடிவில் இரண்டு தனித்தனி இளநிலைப் பட்டங்களைப் பெறும் பல்கலைக்கழகப் படிப்பு ஆகும். இவ்வகைப் படிப்பு அவுஸ்திரேலியாவில் 1990களுக்குப் பின்னர் பரவலாயிற்று. பெரும்பாலும் நான்கு முதல் ஐந்து ஆண்டுகள் வரை நீடிக்கும். இதன் ஒரு பகுதியை மாணவர் தாம் கற்கும் மொழி பேசப்படும் நாட்டில் கழிப்பது வழக்கம்.

பெயரும் பொருளும்

"இரட்டைப் பட்டம்" என்னும் சொல் நாட்டுக்கு நாடு வேறு பொருள் தருவதால் குழப்பம் நேர்வதுண்டு. அவுஸ்திரேலியாவில் இது ஒரே பல்கலைக்கழகம் வழங்கும் இரண்டு பட்டங்களைக் குறிக்கும். இரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரே சான்றிதழாக வழங்குவது கூட்டுப் பட்டம் எனப்படும். இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2022 ஏப்ரலில் இரண்டு முழுநேரப் படிப்புகளை ஒருங்கே பயில இசைவு அளித்தது. ஆனால் அது இரண்டு படிப்புகளையும் அருகருகே முழுமையாகப் படிக்கும் முறை. பாடங்களைப் பொதுவாகக் கணக்கிட்டுக் காலத்தைக் குறைக்கும் அவுஸ்திரேலிய முறையிலிருந்து அது வேறுபட்டது.

மூன்றாண்டுப் பட்டங்கள் இரண்டினைத் தனித்தனியே படித்தால் ஆறு ஆண்டுகள் ஆகும். இரட்டைப் பட்டத்தில் காலம் குறைவதற்குக் காரணம் எளியது. ஒவ்வொரு பட்டத்திலும் மாணவர் விருப்பப்படி எடுக்கும் பாடங்களுக்கென ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கும். இரட்டைப் பட்டத்தில் அவ்விடத்தை மற்றப் பட்டத்தின் கட்டாயப் பாடங்கள் நிரப்பிவிடுகின்றன. எனவே இப்படிப்பில் மாணவருக்கு மிஞ்சும் விருப்பப் பாடங்கள் மிகக் குறைவு. இரண்டு பட்டங்கள் கிடைப்பதால் தெரிவும் இரு மடங்காகும் என்று எண்ணிச் சேர்பவர்கள் இதனை முதலிலேயே அறிந்திருத்தல் நல்லது.

வரலாறு

இப்படிப்பில் சேரும் இரண்டு துறைகளும் வெவ்வேறு வழிகளில் பல்கலைக்கழகத்துக்குள் வந்தவை.

அவுஸ்திரேலியாவில் ஓவியப் பள்ளிகளும் இசைப் பள்ளிகளும் நெடுங்காலம் பல்கலைக்கழகங்களுக்கு வெளியே தனி நிறுவனங்களாகவோ உயர்கல்விக் கல்லூரிகளாகவோ இயங்கின. சிட்னிக்குத் தெற்கே கடற்கரையில் உள்ள எஃகு ஆலை நகரமான வொலொங்கொங்கில், 1975 இல் தனிப் பல்கலைக்கழகமான வொலொங்கொங் பல்கலைக்கழகம் 1982 இல் அந்நகரின் ஆசிரியர் கல்வி நிறுவனத்துடன் இணைந்தது. அதனைத் தொடர்ந்து அங்கு படைப்புக் கலைப் பள்ளி ஒன்று உருவானது. எழுத்து, இசை, நாடகம், கட்புலக் கலை ஆகியவற்றை ஒரே கூரையின்கீழ் வைத்த இப்பள்ளியின் முதல் தலைவர் ஆங்கில இசையமைப்பாளர் எட்வர்ட் கோவி ஆவார்.

நாடளாவிய மாற்றம் கல்வி அமைச்சர் ஜோன் டோக்கின்சின் சீர்திருத்தங்களால் ஏற்பட்டது. 1988 இல் வெளியான அவரது வெள்ளை அறிக்கை உயர்கல்விக் கல்லூரிகளைப் பல்கலைக்கழகங்களுடன் இணைக்கும்படி செய்தது. சிட்னி கலைக் கல்லூரி 1990 இல் சிட்னிப் பல்கலைக்கழகத்துடனும், குயின்சுலாந்து இசைப் பள்ளி 1991 இல் கிரிபித் பல்கலைக்கழகத்துடனும், கன்பராவின் கலைப் பள்ளியும் இசைப் பள்ளியும் 1992 இல் அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்துடனும் இணைந்தன. பட்டறையில் கைவேலை பழகிய மாணவரும் நூலகத்தில் கட்டுரை எழுதிய மாணவரும் ஒரே நிறுவனத்தின் மாணவர் ஆயினர். இவ்விணைப்பு நடந்திராவிடில் ஓவியத்தையும் பன்னாட்டியலையும் ஒரே விண்ணப்பத்தில் கேட்பது இயலாததாகவே இருந்திருக்கும். அதே வேளை, ஒருவருக்கொருவர் நேரில் கற்பிக்கும் கலைக்கல்விக்குப் பல்கலைக்கழகத்தின் பெருவகுப்பு முறையும் செலவுக் கணக்கும் பொருந்துவதில்லை என்ற மனக்குறை கலைப் பள்ளிகளிடையே அன்று தொடங்கி இன்றும் தீரவில்லை.

பன்னாட்டுறவு ஒரு கல்வித்துறையாகத் தோன்றியது முதல் உலகப் போரின் பின்னர் ஆகும். வேல்சில் உள்ள அபெரிசித்வித்தில் 1919 இல் இதற்கென முதற் பேராசிரியர் பதவி ஏற்படுத்தப்பட்டது. பன்னாட்டியல் இதனின்றும் சற்று வேறுபட்டது. அரசுகளுக்கிடையிலான உறவை மட்டுமன்றி ஒரு நாட்டின் மொழி, வரலாறு, அன்றாட வாழ்வு ஆகியவற்றையும் அது கற்பிக்கிறது. அவுஸ்திரேலியா தன்னை ஐரோப்பாவின் தொலைதூரக் கிளையாகக் கருதிய மனநிலை மாறி ஆசியாவை நோக்கத் தொடங்கிய 1970களிலும் 1980களிலும் இத்தகைய கல்விக்கு ஆதரவு பெருகியது. சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1990களின் முற்பகுதியில் சீன ஆய்வாளர் டேவிட் குட்மன் தலைமையில் பன்னாட்டியலுக்கான நிறுவகம் தொடங்கப்பட்டது. பொறியியல், சட்டம், வணிகம், வடிவமைப்பு என எத்துறை மாணவரும் தமது பட்டத்துடன் பன்னாட்டியல் பட்டத்தை இணைத்துக்கொள்ளும் முறையை அது பரப்பியது.

எல்லாப் பல்கலைக்கழகங்களும் இவ்வழியில் செல்லவில்லை. மெல்பேர்ண் பல்கலைக்கழகம் 2008 இல் தனது இளநிலைப் படிப்புகளைச் சில பொதுப் பட்டங்களாகச் சுருக்கியபோது இளநிலை இரட்டைப் பட்டங்களைப் பெரும்பாலும் கைவிட்டது. தொழிற்கல்வியை முதுநிலைக்கு ஒத்திவைப்பதே அதன் கொள்கை.

பாட அமைப்பு

இப்படிப்பின் அமைப்பை விளங்கிக்கொள்ளச் சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் நடத்திய வடிவமைப்பு – பன்னாட்டியல் படிப்பு நல்ல எடுத்துக்காட்டு. ஐந்தாண்டுகளில் மொத்தம் 240 பாடப்புள்ளிகள் பெறவேண்டும். ஓர் ஆண்டு முழுநேரப் படிப்பு 48 புள்ளிகள். இவற்றுள் 144 புள்ளிகள் வடிவமைப்புக்கும் 96 புள்ளிகள் பன்னாட்டியலுக்கும் உரியவை. பன்னாட்டியலின் 96 புள்ளிகளில் பாதி மொழிக்கும், பன்னாட்டியல் அடிப்படைக்கும், தெரிவு செய்த நாட்டின் சமகாலச் சமூகத்துக்கும் செல்லும். மறுபாதி அந்நாட்டில் கழிக்கும் ஓராண்டுக்கு உரியது. சீனா, யப்பான், பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின், இலத்தீன் அமெரிக்க நாடுகள் முதலியன தெரிவுக்கு இருந்தன. மொழியை அரிச்சுவடியிலிருந்தே தொடங்கலாம்.

கலைப் பட்டத்தின் வேலைமுறை இதற்கு முற்றிலும் மாறானது. கலைக்கூடப் பாடங்களில் விரிவுரை குறைவு. மாணவர் செய்துகொண்டிருக்கும் படைப்பைச் சுவரில் மாட்டியோ மேடையில் நடித்துக் காட்டியோ ஆசிரியரும் உடன் மாணவரும் அதனை விமர்சிக்கும் அமர்வே வகுப்பின் நடுநாயகம். மதிப்பெண் படைப்புக்கும், அது உருவான வழியைக் காட்டும் செயற்குறிப்பேட்டுக்கும், பெரும்பாலும் ஒரு சிறு விளக்கவுரைக்கும் வழங்கப்படும். பன்னாட்டியலில் மதிப்பெண் ஆய்வுக் கட்டுரைக்கும் கருத்தரங்க உரைக்கும் மொழித் தேர்வுக்கும் உரியது. கட்டுரையில் ஒவ்வொரு கூற்றுக்கும் சான்று கேட்கப்படும். கலைக்கூடத்திலோ, சான்று காட்டமுடியாத ஒரு தெரிவை ஏன் செய்தீர் என்று கேட்கப்படும். முதலாண்டு மாணவர் பலர் தடுமாறுவது பாடத்தின் கடினத்தால் அன்று. காலையில் ஒருவகையாகவும் மாலையில் வேறுவகையாகவும் சிந்திக்க வேண்டியிருப்பதால்தான்.

நேர அட்டவணையும் ஒரு நடைமுறைச் சிக்கல். மொழி வகுப்புகள் வாரத்தில் பல நாட்களுக்குப் பிரிந்து நடைபெறும். ஒரு வாரம் தவறினால் பின்தங்க நேரும். கலைக்கூட வகுப்புகளோ அரைநாள், முழுநாள் எனத் தொடர்ச்சியாக நடைபெறுபவை. நாடக ஒத்திகையும் அச்சுப் பட்டறையும் கடிகாரம் பார்த்து முடிவதில்லை. இரண்டு துறைகளும் தத்தம் அட்டவணையைத் தனித்தனியே வகுப்பதால் மோதல் ஏற்படும்போது அதனைத் தீர்த்துக்கொள்ளும் பொறுப்பு பெரும்பாலும் மாணவரையே சேரும்.

வெளிநாட்டு ஆண்டு

இப்படிப்பின் சிறப்பு வெளிநாட்டு ஆண்டே. மாணவர் பெரும்பாலும் நான்காம் ஆண்டில் புறப்படுவர். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் உள்ளூர் மொழியிலேயே பாடம் கேட்பதுடன், அச்சமூகம் பற்றிய ஆய்வு ஒன்றையும் செய்யவேண்டும். கலை மாணவர்க்கு இதில் இன்னொரு பயனும் உண்டு. யப்பானிய அச்சுக்கலையையோ மெக்சிக்கோவின் சுவரோவியத்தையோ படங்களில் கண்டவர் அவற்றை அவை பிறந்த இடத்திலேயே காண்பதுடன், அவற்றைப் பற்றி அங்குள்ளோர் பேசும் மொழியிலேயே கேட்கவும் முடிகிறது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. கலைப் பள்ளியில் ஒரே ஆண்டில் சேர்ந்தவர்கள் சேர்ந்தே வளர்கிறார்கள். ஒருவர் படத்தில் மற்றவர் நடிப்பார். ஒருவர் நாடகத்துக்கு மற்றவர் ஒளியமைப்பார். இறுதியாண்டுக் கண்காட்சியும் அவர்களுக்குப் பொதுவானதே. இரட்டைப் பட்ட மாணவர் ஓராண்டு கழித்துத் திரும்பும்போது அவருடன் சேர்ந்தவர்கள் பட்டம் பெற்றுப் போயிருப்பார்கள். முன்பின் அறியாத இளையவர்களுடன் இறுதிக் கண்காட்சியை அவர் ஆயத்தம் செய்யவேண்டும். கலைத்துறையில் முதல் வேலைகள் பெரும்பாலும் உடன் படித்தவர் வழியாகவே வருவதால் இவ்விழப்பைச் சிறிதெனக் கொள்ள முடியாது. பாடத்திட்டக் கையேடுகள் இதுபற்றிப் பேசுவதில்லை.

வெளிநாட்டுச் செலவுக்கு அரசின் உதவிகள் இரண்டு முக்கியமானவை. 2005 இல் தொடங்கிய ஓ.எஸ்.-ஹெல்ப் என்பது கடன் ஆகும். ஆசியாவுக்குச் செல்பவர்க்குக் கூடுதல் தொகையும், ஆசிய மொழி கற்க மேலதிகத் தொகையும் இதில் உண்டு. 2014 இல் முன்னோட்டமாகத் தொடங்கி 2015 முதல் இந்தோ–பசிபிக் வட்டாரம் முழுதுக்கும் விரிந்த புதிய கொழும்புத் திட்டம் அவுஸ்திரேலிய இளநிலை மாணவர்களுக்கான நல்கையும் உதவித்தொகையும் ஆகும். இலங்கையும் இந்தியாவும் மாணவரை ஏற்கும் நாடுகளுள் அடங்கும். 1950 சனவரியில் கொழும்பில் கூடிய பொதுநலவாய வெளியுறவு அமைச்சர்கள் மாநாட்டில் உருவான பழைய கொழும்புத் திட்டத்தின் பெயரையே இது தாங்கியுள்ளது. பழைய திட்டத்தில் ஆசிய மாணவர் அவுஸ்திரேலியாவுக்குப் படிக்க வந்தனர். புதிய திட்டத்தில் பயணத்தின் திசை தலைகீழாயிற்று.

வெளிநாட்டு ஆண்டைக் கட்டாயமாக்கிய படிப்பின் பலவீனம் கொவிட் பெருந்தொற்றின்போது வெளிப்பட்டது. 2020 மார்ச் பிற்பகுதியிலிருந்து 2021 நவம்பர் 1 வரை அவுஸ்திரேலியர் தனி அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியேறத் தடை இருந்தது. வெளியே இருந்த மாணவர் நடுவிலேயே திரும்ப அழைக்கப்பட்டனர். புறப்படவிருந்தோர்க்கு இணையவழி மாற்றுப் பாடங்கள் வைக்கப்பட்டன. பட்டம் தாமதமின்றிக் கிடைத்தது. எதிர்பார்த்த பயணம் கிடைக்கவில்லை.

கட்டணம்

அவுஸ்திரேலியக் குடிமக்கள் அரசு உதவிபெறும் இடங்களில் படிக்கும்போது செலவின் ஒரு பகுதியைப் பங்களிப்பாகச் செலுத்துகின்றனர். 1989 இல் தொடங்கிய இம்முறையில் பணத்தை உடனே கட்டாது கடனாக வைத்து, வருமானம் குறித்த அளவைத் தாண்டியபின் வரியுடன் திருப்பிச் செலுத்தலாம். கவனிக்கவேண்டியது, பங்களிப்பு பட்டத்தின் பெயரைப் பொறுத்ததன்று. ஒவ்வொரு பாடமும் எத்துறையைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்தது.

2020 வரை கட்புல, ஆற்றுகைக் கலைகளும், மொழியும், சமூகவியலும் ஒரே கட்டணப் பிரிவில் இருந்தன. அவ்வாண்டு முழுநேரப் படிப்புக்குரிய உச்சப் பங்களிப்பு 6,684 டொலர். "வேலைக்கு ஆயத்தமான பட்டதாரிகள்" என்ற பெயரில் 2020 அக்டோபரில் நிறைவேறிய சட்டம் 2021 முதல் இவற்றை மூன்றாகப் பிரித்தது. ஆண்டுக்கு மொழிப் பாடங்களுக்கு 3,950 டொலர், கலைப் பாடங்களுக்கு 7,950 டொலர், அரசியல், வரலாறு, சமூகவியல் போன்றவற்றுக்கு 14,500 டொலர் என அமைந்தது. பின்வந்த ஆண்டுகளில் விலைவாசிக்கு ஏற்ப இத்தொகைகள் உயர்ந்தன.

இதன் விளைவை இரட்டைப் பட்ட மாணவரின் ஓராண்டுக் கணக்கில் தெளிவாகக் காணலாம். ஆண்டுக்கு எட்டுப் பாடங்கள். 2021 ஆம் ஆண்டுக் கட்டணப்படி ஒரு மொழிப் பாடம் ஏறத்தாழ 494 டொலர், ஒரு கலைப் பாடம் 994 டொலர், ஒரு பன்னாட்டு அரசியல் பாடம் 1,813 டொலர். நான்கு கலைப் பாடங்கள், இரண்டு மொழிப் பாடங்கள், இரண்டு பன்னாட்டு அரசியல் பாடங்கள் எடுப்பவர் மொத்தம் ஏறத்தாழ 8,588 டொலர் பங்களிக்க வேண்டும். அதில் இரண்டு அரசியல் பாடங்களின் பங்கு மட்டும் 3,625 டொலர். நான்கு கலைப் பாடங்களுக்கு ஆவது 3,975 டொலர். உலைக்களமும் அச்சு இயந்திரமும் மூலப்பொருளும் வேண்டும் பாடத்தைவிட, வாசிப்பும் விவாதமும் மட்டுமே வேண்டும் பாடத்துக்கு மாணவர் ஏறத்தாழ இரு மடங்கு செலுத்துகிறார். மாணவரை அரசு விரும்பும் துறைகளுக்குத் திருப்புவதே சட்டத்தின் நோக்கமாகக் கூறப்பட்டது. ஒரே மாணவரை அது ஒருபுறம் மொழி கற்க ஊக்குவித்து, மறுபுறம் அம்மொழி பேசும் நாட்டின் அரசியலைக் கற்பதற்குத் தண்டித்தது எனலாம். 2024 பெப்ரவரியில் வெளியான அவுஸ்திரேலியப் பல்கலைக்கழக உடன்பாட்டு அறிக்கை இக்கட்டண முறையை மாற்றவேண்டும் எனப் பரிந்துரைத்தது. 2025 இல் நிறைவேறிய வேறொரு சட்டம் நிலுவையிலிருந்த கல்விக் கடன்களை 20 விழுக்காடு குறைத்தது. ஆனால் பாடக் கட்டணப் பிரிவுகளைத் தொடவில்லை.

இந்தியா, இலங்கை போன்ற நாடுகளிலிருந்து செல்லும் மாணவர்க்கு இப்பங்களிப்பு முறையும் ஓ.எஸ்.-ஹெல்ப் கடனும் இல்லை. அவர்கள் முழுக் கட்டணத்தையும் செலுத்தவேண்டும். ஐந்தாண்டுக் கட்டணம், அதன்மேல் மூன்றாவது நாடொன்றில் ஓராண்டுச் செலவு என்று பார்த்தால் குடும்பத்தின் சேமிப்பை முழுதும் விழுங்கக்கூடிய தொகை அது. பட்டத்தின் பின் தற்காலிகமாகத் தங்கி வேலை செய்யும் விசாவுக்கு அவுஸ்திரேலியாவிலேயே குறைந்தது 92 வாரப் படிப்பு காட்டப்படவேண்டும். ஐந்தாண்டில் ஓராண்டு வெளியே கழிப்பதால் இதற்கு இடையூறு நேராது.

சேர்க்கை

பள்ளியிறுதித் தேர்வின் அடிப்படையிலான ஏ.டி.ஏ.ஆர். தரநிலை இரு பட்டங்களுக்கும் பொதுவாகக் கேட்கப்படும். இசை, நாடகம் போன்றவற்றுக்கு நேர்முக ஆற்றுகைத் தேர்வும், கட்புலக் கலைக்குப் படைப்புத் தொகுப்பும் சில பல்கலைக்கழகங்களில் உண்டு. படைப்புத் தொகுப்பில் முடிந்த படைப்புகளுடன் முடியாத வரைவுகளையும் வைப்பது வழக்கம். மாணவர் எவ்வாறு சிந்திக்கிறார் என்பதைத் தேர்வாளர் அவற்றிலேயே தேடுகின்றனர்.

கலையும் அயலுறவும்

இரண்டு துறைகளுக்கும் என்ன தொடர்பு என்ற வினா அடிக்கடி எழுவதுண்டு. அரசுகள் கலையை அயலுறவுக் கருவியாகக் கொள்வது புதிதன்று. பிரித்தானியக் கழகம் (1934), இந்தியப் பண்பாட்டுறவுக் கழகம் (1950), ஜெர்மனியின் கேத்தே நிறுவகம் (1951), யப்பான் அறக்கட்டளை (1972) ஆகியன இதற்கென்றே தோன்றியவை. படைபலத்தால் அன்றிக் கவர்ச்சியால் செல்வாக்குப் பெறுவதை அமெரிக்க அறிஞர் யோசப் நை 1990 இல் மென்வலு எனப் பெயரிட்டபின் இப்பணி கோட்பாட்டு ஆதாரமும் பெற்றது. பிரிஸ்பேனில் குயின்சுலாந்துக் கலைக்கூடம் 1993 முதல் நடத்திவரும் ஆசிய பசிபிக் மூவாண்டுக் கண்காட்சி அவுஸ்திரேலியாவின் ஆசியத் திருப்பத்தின் கலைமுகம் எனலாம்.

ஆனால் கலைஞர் அரசின் தூதுவர் அல்லர். இவ்விரண்டுக்கும் இடையிலான இழுபறி 2025 இல் வெளிப்படையாயிற்று. லெபனானில் பிறந்து மேற்குச் சிட்னியில் வாழும் கலைஞர் காலித் சப்சாபி, 2026 வெனிசு ஈராண்டுக் கண்காட்சியில் அவுஸ்திரேலியாவின் சார்பில் பங்குபற்றப் பெப்ரவரியில் தெரிவு செய்யப்பட்டார். அவரது பழைய படைப்புகள் சில குறித்து நாடாளுமன்றத்தில் கேள்வி எழவே, ஒரு வாரத்துக்குள் அரசின் கலை நிறுவனமான கிரியேட்டிவ் அவுஸ்திரேலியா அத்தெரிவை விலக்கிக்கொண்டது. கலைஞர்களின் கடும் எதிர்ப்பும் தனி ஆய்வு ஒன்றும் தொடர்ந்தன. சூலையில் அவர் மீண்டும் நியமிக்கப்பட்டார். நாட்டின் பெயரால் காட்டப்படும் கலை யாருக்குப் பொறுப்பானது என்ற கேள்வியை இந்நிகழ்வு முழுதாகத் திறந்துவைத்தது. கலையை மட்டும் அறிந்தவரோ அயலுறவை மட்டும் அறிந்தவரோ அதனைத் தனித்து விளக்குவது கடினம்.

தமிழரோடு நேரடியாகத் தொடர்புடைய எடுத்துக்காட்டு ச. சக்திதரனின் "கவுண்டிங் அண்ட் கிராக்கிங்" நாடகம். இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் தலைமுறைகளைக் கொழும்பிலும் சிட்னியிலுமாகச் சொல்லும் இது 2019 சனவரியில் சிட்னி நகர மண்டபத்தில் பல நாட்டு நடிகர்களுடன் மேடையேறியது. 2020 இல் விக்டோரிய இலக்கியப் பரிசைப் பெற்றது. மொழி, வரலாறு, குடிப்பெயர்வு, அரங்கக்கலை ஆகிய அனைத்தும் ஒரே மேடையில் வேண்டப்படும் பணி எத்தகையது என்பதை இந்நாடகம் காட்டும்.

வேலைவாய்ப்பு

கண்காட்சி ஒழுங்கமைப்பு, கலைவிழா நிருவாகம், பண்பாட்டு நிறுவனங்கள், அருங்காட்சியகங்கள், பதிப்பு, ஊடகம், மொழிபெயர்ப்பு, தொண்டு நிறுவனங்களின் பரப்புரை ஆகியன இப்பட்டதாரிகள் பொதுவாக நாடும் துறைகள். அவுஸ்திரேலிய வெளியுறவு, வணிகத் திணைக்களத்தின் பட்டதாரி ஆட்சேர்ப்பு எத்துறைப் பட்டதாரிக்கும் திறந்தது; எனினும் போட்டி கடுமையானது. மருத்துவம், சட்டம் போல் இப்பட்டத்துக்கென ஒதுக்கிய தொழில் எதுவுமில்லை. கலைத்துறை வேலைகளில் ஒப்பந்தப் பணியும் பகுதிநேரப் பணியும் மிகுதி என்பதால், கற்ற மொழி நிலையான வருமானத்துக்கு வழிசெய்வதும் உண்டு.

அண்மைக்கால நிலை

2020களின் நடுப்பகுதியில் நிதி நெருக்கடியைக் காட்டி அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் பல பாடங்களைக் குறைத்தபோது மொழி, பன்னாட்டியல், இசை ஆகியன முதலில் பாதிக்கப்பட்டவற்றுள் அடங்கின. சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2025 ஆகத்தில் 100க்கும் மேற்பட்ட படிப்புகளுக்குப் புதிய மாணவர் சேர்க்கையைத் தற்காலிகமாக நிறுத்தியது. பன்னாட்டியல் படிப்புகளும் அவற்றுள் அடங்கின. மொழி ஒன்று நிறுத்தப்படும்போது அம்மொழியை நம்பிய வெளிநாட்டு ஆண்டும் இரட்டைப் பட்டமும் சேர்ந்தே பாதிக்கப்படுவதால், விண்ணப்பிப்போர் அவ்வாண்டுக்குரிய பாடக் கையேட்டில் படிப்பின் பெயர் உள்ளதா என்பதோடு, தாம் கற்க விரும்பும் மொழி இறுதியாண்டு வரை கற்பிக்கப்படுகிறதா என்பதையும் தனியே கேட்டறிவது வழக்கமாகி வருகிறது. ஏற்கெனவே சேர்ந்தவர்கள் தொடங்கிய படிப்பை முடிப்பதற்கான ஏற்பாட்டைப் பல்கலைக்கழகம் செய்துதரவேண்டும். ஆயினும் அந்த ஏற்பாடு அதே மொழியிலும் அதே நாட்டிலும் அமையும் என்ற உறுதி இல்லை.